அத்தையின் சிவப்பு டம்ளர் மஞ்சளான கதை

அன்புள்ள வாலுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உங்கப்பாவும் அத்தையும் சௌக்கியமாக இருக்கிறோம், இத்தனை நாள் சீக்காகக் கிடந்த உன் பிரிண்டரும் எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டது. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழாமல் இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் எனக்கு அது போதும். தினம் போனில் பேசுகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். இந்தக் கதையைப் போனில் சொல்ல வழியில்லை. நான் போனைக் காதில் வைத்த உடனே உங்கப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஸ்பீக்கரைப் போடு, ஸ்பீக்கரைப் போடு என்று பிராணனை வாங்குவார். கதையோ அவருடைய மானத்தைப் பற்றியது, அப்படியில்லம்மா, நடந்ததே வேற என்று பாதியில் உள்ளே புகுந்து தனக்கு வேண்டியபடி முடித்துவிடுவார். இப்போது அத்தையைக் கைப்பிடித்துக்கொண்டு தெருமுனை வரை நடக்கப் போயிருக்கிறார், அவர்கள் வருவதற்குள் எழுதி முடிக்கப் பார்க்கிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் கண்டுகொள்ளாதே.

உனக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோவையாக வரும். நீ போன தடவை வந்துவிட்டுத் திரும்பிய கொஞ்ச நாளிலேயே அத்தைக்குப் பக்கவாதம் வந்தது, ஆஸ்பத்திரியிலிருந்து நேராக நம் வீட்டுக்கே கூட்டி வந்து உன் அறையில் படுக்க வைத்தோம். கையும் காலும் மெல்ல வழிக்கு வந்துவிட்டன, பேச்சுதான் வரவில்லை. நாம் பேசுவது எல்லாம் அவளுக்குப் புரிகிறது, டிவியில் எவள் குடியைக் கெடுக்கப்போகிறாள் என்று முதல் காட்சியிலேயே கண்டுபிடித்து எனக்குக் கையைக் காட்டுகிறாள், ஆனால் சொல்ல நினைக்கும் வார்த்தை தொண்டை வரை வந்து திரும்பிப் போய்விடுகிறது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவள், மைதானத்தின் ஒரு மூலையில் நின்று மறுமூலையை அதட்டியவள், அவளுக்கு மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தை, சரி. ஆயுசில் அண்ணன் பேச்சுக்கு ஒரு தடவைகூடச் சரி என்று சொல்லாதவள் இப்போது பசிக்கிறதா என்றாலும் சரி சரி, பசிக்கவில்லையா என்றாலும் சரி சரி. கோபம் வந்தால் கண்ணை உருட்டிக்கொண்டு ஒரு சரி போடுவாள் பார், நான் இரண்டடி பின்னால் போய்விடுவேன். என் தங்கச்சி ஒரு வழியா எனக்கு அடங்கிட்டா, இதைப் பார்க்கத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று உங்கப்பா அவள் முன்னால் சிரிப்பார், அப்புறம் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் முகம் கழுவுவார். எனக்குக் காதில் விழும், தெரியாத மாதிரி இருந்துவிடுவேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரம் ஒரு தடவை வருகிறாளே அந்தப் பெண், அவள்தான் படக் கார்டு யோசனையைச் சொன்னது. கடையில விக்கிற கார்டு வேண்டாம்மா, அதுல இருக்கிற கப்பும் கதவும் யார் வீட்டுதோ, இவங்க டம்ளர், இவங்க செருப்பு, இவங்க மனுஷங்க முகம், அதைப் பார்த்தாத்தான் வார்த்தை எழும்பி வரும் என்றாள். இன்னொன்றும் சொன்னாள். ஆரம்ப மாதங்களில்தான் பேச்சு நன்றாகத் திரும்புமாம், அதற்குள் மனசு விட்டுப்போய் முயற்சி பண்ணுவதையே நிறுத்திவிட்டால் அப்புறம் ரொம்பக் கஷ்டமாம். அதைக் கேட்ட அன்றே போனைக் கையில் எடுத்தேன். நான் வீடு முழுக்கப் படம் பிடித்து உனக்கு அனுப்பினேன், நீயும் வேலை முடிந்து வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றையும் அளவாக வெட்டி, கீழே கொட்டை எழுத்தில் பெயர் போட்டு, பக்கத்துக்கு ஒரு கார்டாகத் திருப்பி அனுப்பினாய். பிரிண்டரில் மை தீர்ந்துபோகும் நிலையில் இருந்தது, உங்கப்பா போய் நாலு கலருக்கும் புது மைப்பெட்டி வாங்கி வந்தார். வந்ததும் எடுத்து இயந்திரத்தில் போட்டாரா என்றால் இல்லை, மேஜையில் பழைய பேப்பரை விரித்து அதன்மேல் நாலையும் வரிசையாக வைத்துக்கொண்டு என்னவோ நோண்டிக்கொண்டிருந்தார். நான் தையல் மெஷினில் ஒரு சட்டைக்குக் கை ஏற்றிக்கொண்டிருந்தேன், ஏன் என்ன என்று கேட்கவில்லை.

முதல் கார்டு அத்தையின் செருப்பு, அச்சு அசலாக வந்தது. வார் கிழிந்து நான் தைத்துக் கொடுத்த தையல்கூடத் தெரிந்தது, எனக்கு ஒரே பெருமை. இரண்டாவது கார்டில் கோடு கோடாக வெளுப்பு விழுந்தது. மூன்றாவது அவளுடைய டம்ளர், அவள் எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு திரியும் அந்தச் சிவப்புப் பிளாஸ்டிக் டம்ளர், அது பழுத்த மஞ்சளாக வெளியே வந்தது. நாலாவது உங்கப்பா முகம். பாசி பிடித்த தொட்டி மாதிரிப் பச்சையாக இருந்தார் மனுஷர். கீழே இருந்த கறுப்பு எழுத்து மட்டும் பளிச்சென்று இருந்தது, அதனால் மை இருக்கு, மெஷின் நல்லாத்தான் இருக்கு, லேசா பச்சையா இருக்கேன் அவ்வளவுதானே, தாளை எதுக்கு வீணாக்கணும் என்று சொல்லிக்கொண்டே, நான் வேண்டாம் வேண்டாம் என்று கத்துவதற்குள் இரண்டு கார்டையும் கொண்டுபோய் அத்தை கையில் கொடுத்துவிட்டார். அவள் ஒரு கையில் டம்ளர் கார்டையும் ஒரு கையில் நிஜ டம்ளரையும் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் அவர் படத்தை எடுத்துப் பார்த்தாள், நிமிர்ந்து அவரைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். திடீரென்று எல்லாவற்றையும் கீழே போட்டுவிட்டு இரண்டு கண்ணையும் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. அவள் தன் நெற்றிப்பொட்டில் விரலால் குத்திக் குத்திக் காட்டினாள், கண்ணைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள், அப்போதுதான் எனக்கு உறைத்தது. படம் தப்பு என்று அவள் நினைக்கவில்லை வாலு, தன் மூளைதான் இன்னும் கெட்டுப்போய்விட்டது, கலர்கூட இனி தனக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டாள். பிரிண்டர்தான் கோளாறு என்று நான் தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன், நாம் சமாதானத்துக்குச் சொல்கிறோம் என்று எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து கார்டு என்றாலே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். அந்தப் பயிற்சிப் பெண் அடுத்த தடவை வந்தபோது அவளுக்கும் முகத்தைக் காட்டவில்லை. அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை, உன்னிடம் போனில் எல்லாம் நன்றாகப் போகிறது என்று சொன்னது அந்த வாரம்தான்.

சரி, பிரிண்டரைச் சரி பண்ணிக் காட்டினால்தான் இவள் நம்புவாள் என்று வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினேன். மை விற்ற கடைக்காரரிடம் கேட்டால், தாள் மட்டமா இருக்கும்மா, தாளை மாத்துங்க என்றார். தாளை மாற்றினோம், நல்ல தாளில் நல்ல பச்சையாக வந்தார் உங்கப்பா. எதிர்வீட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாரே, அவர் வந்து சாப்ட்வேரை எடுத்துவிட்டு மறுபடி போட்டார், அரை நாள் போனது, காபி போனது, பச்சை போகவில்லை. போகும்போது மை தெளிக்கிற ஹெட் அடைச்சிருக்கும் ஆன்ட்டி, ஹெட் கிளீனிங் குடுத்துப் பாருங்க என்று சொல்லிவிட்டுப் போனார், அது உங்கப்பாவுக்கு வேதவாக்காகிவிட்டது. காலையில் எழுந்தால் ஒரு கிளீனிங், காபி குடித்துவிட்டு ஒரு கிளீனிங். அந்த மெஷினும் கர்ர் கர்ர் என்று உள்ளுக்குள்ளேயே என்னவோ குடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு கிளீனிங்குக்கும் அது மையை உறிஞ்சி உள்ளே ஒரு பஞ்சில் கொட்டுகிறது என்று அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன், திரையில் பார்த்தால் நாலு பெட்டியும் பாதிக்கு வந்துவிட்டன. கடைசியில் அவர் என் ஊசிப்பெட்டியிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்துக்கொண்டு, துவாரத்தைக் குத்திவிட்டா சரியாயிடும் என்று கிளம்பினார். கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த ஹெட்டில் இருக்கிற துவாரம் கண்ணுக்கே தெரியாது, அதில் குண்டூசியா? நீங்க அதைத் தொட்டீங்கன்னா நான் உங்க ரேடியோவைத் தொடுவேன் என்று சொன்ன பிறகுதான் ஊசியைக் கீழே வைத்தார்.

எனக்கு மெஷின் என்றால் தையல் மெஷின்தான். தையல் விட்டுவிட்டு விழுந்தால் நான் எடுத்த உடனே திருகாணியைத் திருகுவதில்லை, முதலில் ஊசி, அப்புறம் மேல் நூல், அப்புறம் பாபின், ஒவ்வொன்றாகத்தான் மாற்றிப் பார்ப்பேன், இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது என்று ஒருநாளும் தெரியாது. அதே மாதிரி இதையும் பார்க்கலாம் என்று அவரை வெளியே அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். நாசில் செக் என்று ஒன்று இருக்கிறது இல்லையா, நாலு கலரிலும் சின்னச் சின்னப் படி படியாகக் கோடு போட்டுக் காட்டும், அதை எடுத்தேன். ஆச்சரியம், ஒரு கோடும் விட்டுப்போகவில்லை, சிவப்பைக் கொடுக்கிற ரோஸ்கூட முழுசாக இருந்தது. உடனே ஒரு கார்டு போட்டேன், நன்றாக வந்தது. இன்னொன்று போட்டேன், வெளுத்தது. இன்னொன்று போட்டேன், பச்சை. மறுபடி நாசில் செக் எடுத்தால் ரோஸ் பாதிக்குமேல் காணோம், மஞ்சளிலும் இடையிடையே கோடு இல்லை. சரி கிட என்று விட்டுவிட்டு சமையலைக் கவனித்துவிட்டு, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்து வந்து எடுத்தால் மறுபடி முழுசாக இருக்கிறது. கிளீனிங்கும் கொடுக்கவில்லை ஒன்றும் கொடுக்கவில்லை. எனக்கு அங்கேதான் பொறி தட்டியது. அடைப்பு என்றால் அது காயக் காய மோசமாகத்தான் ஆகும், தானாகத் தூங்கி எழுந்து சரியாகாது. ஓய்வு எடுத்தால் வருகிறது, ஓட விட்டால் நின்றுபோகிறது என்றால் ஹெட்டில் கோளாறு இல்லை, மை போய்ச் சேரவில்லை. ஏன் போய்ச் சேரவில்லை என்பதுதான் தெரியவில்லை, பெட்டியில் இன்னும் பாதி மை இருக்கிறது என்றுதான் திரை காட்டுகிறது.

அதை மண்டையில் போட்டுக் குடைந்துகொண்டேதான் அடுப்படிக்குப் போனேன். எண்ணெய் தீர்ந்திருந்தது, புது டின்னை எடுத்து ஆணி வைத்து ஒரு ஓட்டை போட்டுச் சட்டியில் சாய்த்தேன். கொஞ்சம் வந்தது, நின்றுவிட்டது. வழக்கம்போல எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட ஆணியை வைத்தேன், சுத்தியலை ஓங்கின கை அப்படியே நின்றது. காற்று! உள்ளே காற்றுப் போனால்தானே எண்ணெய் வெளியே வரும், மைக்கும் அதே நியாயம்தானே என்று அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். பிரிண்டர் மூடியைத் திறந்து, அந்தப் பெட்டிகள் உட்கார்ந்திருக்கும் வண்டி நடுவே வந்து நிற்கும் வரை பொறுத்து, ரோஸ் கலரை வெளியே எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பார்த்தால் என்ன? மேல் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு, அதில் வாங்கிய தேதி, உங்கப்பாவின் முத்து முத்தான கையெழுத்தில். அது அழிந்துவிடக் கூடாதே என்று அதன்மேல் செல்லோ டேப், நகத்தால் நாலு ஓரமும் அழுத்தி, ஒரு குமிழிகூட இல்லாமல். காற்று போகிற அந்தத் துளி ஓட்டை சரியாக அதற்கடியில்!

உனக்குத் தெரியாததா, ஆலையில் ஸ்டோர் பார்த்தவர், ரிட்டயர் ஆகியும் ஸ்டோரை விட்டு வெளியே வராதவர். நம் வீட்டுக் கடிகார பாட்டரியில் தேதி, பல்பில் தேதி, துடைப்பத்தின் பிடியில் தேதி. அத்தைக்கு ஊன்றுகோல் வாங்கிய அன்றே அதிலும் சீட்டு ஒட்டிவிட்டார், அவள் அன்றே கிழித்துப் போட்டுவிட்டாள் என்பது வேறு விஷயம். ஆனால் மைப்பெட்டியிலுமா? கறுப்பில் மட்டும் டேப்பின் ஒரு மூலை தூக்கிக்கொண்டிருந்தது, அதுதான் எழுத்து மட்டும் ஒழுங்காக வந்து எங்கள் எல்லாரையும் முட்டாளாக்கியது. அவர் காய்கறிப் பையோடு உள்ளே நுழைந்ததும் அந்தப் பெட்டியை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா, எப்ப வாங்கினோம்னு தெரிய வேண்டாமா என்றார். சரி, ஒட்டத்தான் ஒட்டினீர்கள், இத்தனை இடம் இருக்க அந்த ஓட்டை மேலேயேவா என்றேன். அதுல ஒரு மஞ்சள் டேப் இருந்தது, எடுத்துடுன்னு போட்டிருந்தது, எடுத்தேன், எடுத்ததும் அந்த இடம் மொட்டையா இருந்தது, அங்கதானேம்மா ஒட்ட முடியும் என்றார். எனக்குக் கோபம் வந்ததா சிரிப்பு வந்ததா என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. பாவம், அடுத்த நிமிஷமே முகம் சுருங்கிப் போய்விட்டது, அப்ப அவ அழுதது என்னாலயா என்று கேட்டார். நான், வாங்க, வந்து உரிங்க என்று கூப்பிட்டேன். நாலையும் அவரே நகம் வைத்து உரித்தார், ரோஸ் கலரில் உரித்தபோது உஸ்ஸென்று ஒரு சின்னச் சத்தம் வந்தது, நானே கேட்டேன். அப்புறம் ஒரே ஒரு கிளீனிங், கொஞ்ச நேரம் ஓய்வு, அதற்குப் பிறகு போட்டோம் பார், ஒன்றன்பின் ஒன்றாக எல்லாக் கார்டும் நிற்காமல் வந்தன. உங்கப்பா மாநிறத்துக்குத் திரும்பினார். உன் கார்டில் நீ அந்த மஞ்சள் சட்டையில் சிரித்துக்கொண்டு வந்தாய், டம்ளர் சிவப்பாக வந்தது.

அத்தையிடம் கார்டை நீட்டினால் திரும்ப மாட்டாள் என்று தெரியும், அதனால் கார்டைக் கொண்டுபோகவில்லை. உரித்த டேப்பையும் மைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு போய் அவள் படுக்கையில் உட்கார்ந்தேன். இங்க பாரு, இதுல காத்துப் போற ஓட்டை இருக்கு, இதை எவரோ ஒரு புத்திசாலி தேதி எழுதி அடைச்சு வச்சிருக்காரு, அதான் சிவப்பு வராம எல்லாம் மஞ்சளும் பச்சையுமா வந்தது, உன் கண்ணும் நல்லாத்தான் இருக்கு, உன் மூளையும் நல்லாத்தான் இருக்கு, கழண்டது உங்கண்ணனுக்குத்தான் என்று சொல்லி டேப்பைக் கையில் கொடுத்தேன். அவள் அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்தக் கையெழுத்து அவளுக்குத் தெரியாதா? மெல்லத் தலையைத் திருப்பி வாசற்படியில் நின்றிருந்த உங்கப்பாவைப் பார்த்தாள், அவர் கையைக் கட்டிக்கொண்டு திருட்டு முழி முழித்துக்கொண்டிருந்தார். சிரித்தாள் பார் ஒரு சிரிப்பு! கட்டில் ஆடியது. எத்தனை மாதம் ஆயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு. நானும் சிரித்து, அவரும் சிரித்து, மூன்று பேருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, உங்கப்பாவும் அன்றைக்குக் குழாயைத் திறக்கப் போகவில்லை, அங்கேயே நின்று அழுதார். அப்புறம் அவளாகவே கையை நீட்டிக் கார்டைக் கேட்டாள், டம்ளரைப் பக்கத்தில் வைத்து இதுவும் அதுவும் ஒன்றுதானா என்று சரிபார்த்துக்கொண்டாள். மறுநாளே பயிற்சிக்கு உட்கார்ந்துவிட்டாள். இப்போது தண்ணி என்ற வார்த்தை வருகிறது, போ வருகிறது, அதை உங்கப்பாவைப் பார்த்துத்தான் அதிகம் சொல்கிறாள். என்னை அண்ணி என்று பாதி கூப்பிட்டுவிட்டாள், மீதிப் பாதியும் வந்துவிடும் என்று அந்தப் பயிற்சிப் பெண் சொல்கிறாள்.

இதோ, கேட் சத்தம் கேட்கிறது, வந்துவிட்டார்கள். மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

இது மறுநாள். உங்கப்பா குளிக்கிறார், அத்தை வெயிலில் உட்கார்ந்திருக்கிறாள். நேற்று எழுதும்போது சிரிக்கச் சிரிக்க எழுதி, உனக்கு நாலு புத்திமதி சொல்லி முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அந்தப் புத்திமதியை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மறந்துவிடுவேன். உன்னிடமும் இந்த மாதிரி பிரிண்டர் இருக்கிறதாம், மாப்பிள்ளை சொன்னார். வாரத்துக்கு ஒரு தடவையாவது கலரில் ஏதாவது ஒன்று போடு, சும்மா கிடந்தால்தான் மை காய்ந்து நிஜமாகவே அடைக்கும். வேலை முடிந்ததும் அதன் பட்டனை அமுக்கி அணை, சுவரில் பிளக்கைப் பிடுங்காதே, பட்டனில் அணைத்தால்தான் ஹெட் தன் இடத்துக்குப் போய் மூடிக்கொள்ளும். கலர் கெட்டால் கிளீனிங் கிளீனிங் என்று மையைக் கொட்டாமல் முதலில் நாசில் செக்கைப் பார், கொஞ்சம் ஓய்வு கொடுத்து மறுபடி பார், என்ன மாறுகிறது என்று கவனி. இதெல்லாம் எனக்குத் தெரியும்மா என்று நீ சொல்வாய், தெரிந்தாலும் கேட்டுக்கொள்.

இப்போது நேற்று நடந்ததைச் சொல்கிறேன். நடந்துவிட்டு வந்து காபி குடித்த பிறகு மேஜையில் கார்டுகளைப் பரப்பிக்கொண்டு மூன்று பேரும் உட்கார்ந்தோம். உங்கப்பா ஒவ்வொன்றாக எடுத்து இது என்ன, இது யாரு என்று கேட்டுக்கொண்டிருந்தார். உன் கார்டு வந்ததும் அத்தை அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். ரொம்ப நேரம் பார்த்தாள். இது யாரு, சொல்லு என்று அவர் கேட்டார், அவள் சொல்லவில்லை, ஆனால் உதடு என்னவோ தேடிக்கொண்டிருந்தது. அவருக்குப் பொறுமை ஏது, வா, வா, வாலு, சொல்லு வா என்று எடுத்துக் கொடுத்தார், அவள் அவர் கையில் பட்டென்று ஒரு அடி கொடுத்து அடக்கினாள். அப்புறம் தலையைத் தூக்கி அவரைப் பார்த்து, எ, எ என்று இரண்டு தடவை திணறி, எப்ப என்று கேட்டாள். தெளிவாக, பழைய குரலில் கேட்டாள் வாலு. உங்கப்பா சந்தோஷத்தில், போன வாரம்தான்மா, எல்லாத்தையும் ஒண்ணா பிரிண்ட் போட்டோமே என்றார். அவள் அவரை ஒரு முறை முறைத்துவிட்டு, உன் படத்தில் விரலை வைத்து, அதே விரலை வாசல் கதவைப் பார்த்து நீட்டி மறுபடி எப்ப என்றாள்.

நீ எப்போது வருகிறாய் என்றுதான் கேட்கிறாள். நான் உங்கப்பாவைப் பார்க்கிறேன், அவர் என்னைப் பார்க்கிறார். அவளுக்கு உடம்பு முடியாமல் போன நாளிலிருந்து நாங்கள் உன்னிடம் வராதே, லீவு கிடைக்காது, வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே, இங்கே நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நீயும் பார்க்கலாம்மா, பார்க்கலாம்மா என்கிறாய். உன்னைத் தொந்தரவு பண்ணக் கூடாது என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னோம், நான் தினமும் போனை வைத்துவிட்டு உன்னைப் பார்க்க வேண்டும் என்று நினைக்காத நாளில்லை, ஆனாலும் வாய் திறந்து கேட்டதில்லை. நல்லபடியாகப் பேச வருகிற எங்கள் இரண்டு பேருக்கும் அதைக் கேட்கத் தெரியவில்லை. அவளிடம் கைவசம் இருப்பதே நாலைந்து வார்த்தை, தேடிப் பிடித்து அதில் ஒன்றை இதற்குத்தான் செலவழித்தாள். எனக்கு நேற்று அவளைப் பார்க்கக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

உன் மேல் பாரத்தைப் போடுகிறேன் என்று நினைக்காதே கண்ணு. வேலை இருக்கும், செலவு இருக்கும், மாப்பிள்ளைக்கும் லீவு தோது வர வேண்டும், எல்லாம் எனக்குத் தெரியும். வர முடியாது என்றால் வர முடியாது என்றே சொல், அதையும் அவள் தாங்குவாள், நாம் நினைப்பதைவிட அவள் கெட்டி. ஆனால் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லாதே. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், கையில் வேலையும் முகத்தில் சிரிப்புமாக நூறு வருஷம் இருக்க வேண்டும், போகிற இடமெல்லாம் நல்ல மனுஷர்கள் கண்ணில் பட வேண்டும், அதுதான் நானும் உங்கப்பாவும் தினம் நினைப்பது. குளிர் நாளில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, வெறும் வயிற்றில் வேலைக்கு ஓடாதே. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது என்னிடம் பேசாதே, அப்பாவிடமும் பேசாதே, நேராக அத்தையைக் கூப்பிடு. அவள் உன்னிடமே கேட்பாள், வார்த்தை வரக் கொஞ்சம் நேரம் ஆகும், நடுவில் நீ எடுத்துக் கொடுக்காமல் காத்திரு.

உன்னைத் திட்டவும் மடியில் போட்டுக்கொள்ளவும் உரிமை உள்ள,
அம்மா